சுண்ணாம்பு அடித்த தகரக் கூரை

1

வின்னிபெக் நகரத்துக்கு நான் வந்திறங்கி இன்றோடு பத்து வருஷம் முடிகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தம்பி எழுதும் கடிதங்களில் பத்து வருஷமாக ஒரே கேள்விதான். "அங்க குளிர் ரொம்ப ஜாஸ்தியாமே, ஐஸ் பெட்டிக்குள்ள குடியிருக்கற மாதிரியாமே?" ஐஸ் பெட்டி எவ்வளவோ தேவலாம். ஜனவரியில் பாலை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் கல்லாகிவிடும். உறையாமல் இருக்கட்டும் என்றுதான் ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறோம். இதை அவனுக்கு எழுதினேன். அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று என் கணவருக்குத் தனியாகக் கடிதம் போட்டான்.

போன மாதம் அந்தக் குளிர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலவறையில் ஒரு பெரிய கொதிகலன் இருக்கும். அதில் காயும் வெந்நீர் குழாய் வழியே மேலேறி, ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கடியிலும் சீப்புப் பல் மாதிரி நிற்கும் இரும்பு ரேடியேட்டருக்குள் ஓடும். இரும்பு சூடாகும், அதைத் தொட்ட காற்று சூடாகும், அறை சூடாகும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, அதாவது உச்சி மாடி. எங்கள் ரேடியேட்டர் திடீரென்று ஜில்லிட்டுப் போனது. கீழ்வீட்டு மனிதரோ மைனஸ் முப்பதில் ஜன்னலை விரியத் திறந்துவைத்து, பனியனோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சூடு தாங்கவில்லையாம்.

சூடான நீர் லேசாகி மேலே போகும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். இதை எத்தனை பெண்களுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன்! அந்த அம்புக்குறிகளை வின்னிபெக் வெந்நீர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

2

ஆமாம், நான் டீச்சர். பி.எஸ்சி. பௌதிகம், பி.எட். இங்கே வந்த புதிதில் என் சான்றிதழ்களையெல்லாம் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் பள்ளிக்கூடம் போனதை ஒப்புக்கொள்கிறார்களாம், ஆனால் அங்கே ஏதாவது கற்றுக்கொண்டேனா என்பதை அவர்களால் உறுதி செய்ய முடியவில்லையாம். வேண்டுமானால் முதலிலிருந்து படிக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். அதற்குள் வயிற்றில் மீனா. நான் கையுறை தைக்கும் தொழிற்சாலைக்குப் போனேன். இரண்டு தோலுக்கு நடுவே கம்பளியை வைத்துத் தைக்கிற வேலை. கம்பளி வெப்பத்தைக் கடத்தாது என்று பாடம் நடத்தியவளுக்குப் பொருத்தமான தண்டனைதான்.

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ். எங்கள் வகுப்பு கீற்றுக் கொட்டகையில் நடந்தது. மழைக்கு ஒழுகும், எலி ஓடும், ஆனால் உச்சி வெயிலில்கூட உள்ளே பிள்ளைகள் தூங்கி வழிகிற அளவுக்குக் குளுமை. பள்ளியின் தாளாளர் தனகோட்டி, மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கீற்றுக் கொட்டகை பள்ளிக்குக் கௌரவக் குறைச்சல் என்று அவருக்குப் பட்டது. பிரித்தெறிந்துவிட்டுத் தன் சொந்தச் செலவில் தகரக் கூரை போட்டார்.

போட்டதோடு விட்டாரா? பெயிண்டரைக் கூரைமேல் ஏற்றி, தாரைப் போலக் கறுப்பு வண்ணத்தில், ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரத்துக்கு, 'உபயம் தனகோட்டி' என்று எழுத வைத்தார். தெருவில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. பள்ளிக்குள் இருக்கிறவனுக்கும் தெரியாது. கார்த்திகை தீபத்தன்று மலையேறுகிற லட்சோப லட்சம் பேருக்கு மட்டும், மேலே நின்று திரும்பிப் பார்த்தால், கோபுரத்துக்குப் பிறகு கண்ணில் படுவது தனகோட்டி.

தீபம் முடிந்தது. பங்குனி வந்தது. அந்தத் தகரத்துக்கடியில் எழுபது பெண்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அன்று வெப்பம் பரவுதல் பாடம். பாடப் புத்தகத்தில் நெருப்பு, இரும்புக் கம்பி, மெழுகு எல்லாம் படம் போட்டிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்.

"தகரத்த யாராவது தொட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"காத்து வீசுதா?"

"எங்க டீச்சர் வீசுது, ஒரு எலகூட ஆடல."

"அப்ப உச்சந்தலை ஏன் கொதிக்குது?"

அடி அண்ணாமலையிலிருந்து தினமும் நடந்து வருகிற செல்வி எழுந்து நின்றாள். "கதிர்வீச்சு டீச்சர். தகரம் நம்மள நேராவே சுடுது."

அவ்வளவு சரியான பதிலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சொல்லி முடித்தவள் உட்காரவில்லை. அப்படியே பெஞ்சின்மேல் சாய்ந்து விழுந்தாள்.

3

கூரையின் கதையை இப்படியே நிறுத்திவிட்டு ரேடியேட்டருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேயும் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை. மீனாவுக்கு ஒன்பது வயது. குளிர் ஏறினால் நெஞ்சில் சளி கட்டி இழுக்கும். இரண்டாம் நாளே மூச்சில் விசில் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

நான் கட்டட மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். எங்கள் வீட்டில் சூடு இல்லை என்பதுதான் சொல்ல வந்த விஷயம். அவசரத்தில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. நானும் என் கணவரும் இரண்டு நாளாகச் சூடாகவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் நெடுநேரம் சிரிப்பு. மீனா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். பிறகு முகம் சிவக்க எனக்கு விளக்கினாள். நான் சொன்னதற்கு இந்த ஊரில் வேறு அர்த்தமாம். குடும்பப் பெண் எவளும் கட்டட மேனேஜரிடம் போய்ச் சொல்கிற சமாசாரம் இல்லையாம்.

"இனிமே நீ பேசாதம்மா. ப்ளீஸ். நான் பேசறேன்."

ஃபோனை அவளிடமே விட்டுவிட்டேன். சூட்டைச் சொல்லி மாட்டிக்கொள்வது எனக்கு இது முதல்முறை அல்ல. அவளுக்கு நாலு வயதிருக்கும்போது வயிற்றுவலி என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். முந்தின நாள் மாம்பழ டப்பா ஒன்றை முழுசாகக் காலி செய்திருந்தாள், அதனால் உடம்பில் சூடு என்றேன். அவர் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, சூடெல்லாம் இல்லையே, சரியாகத்தான் இருக்கிறது என்றார். அந்தச் சூடு வேறே, அது பழத்திலிருந்து வரும், கருவியில் தெரியாது என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்தார். பிறகு ரொம்ப அன்பாக, வீட்டில் எல்லாரும் நலமா, எனக்குத் தூக்கம் சரியாக வருகிறதா என்றெல்லாம் விசாரித்தார்.

மேனேஜர் ஐந்தாம் நாள் வந்தார். கோட்டையும் கையுறையையும் கழற்றாமலே அறை நடுவில் நின்று, "சரியாகத்தானே இருக்கிறது?" என்றார். அளந்து பார்க்கச் சொன்னேன். அளப்பதற்குத் தனி ஆள், அவர் வர மூன்று வாரம், அதற்கு ஒரு விண்ணப்பம், மூன்று நகல்களோடு. நான் ரேடியேட்டரைத் தொட்டுக் காட்டினேன். அடியில் வெதுவெதுப்பு, மேலே ஜில்லென்று இரும்பு. உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அது உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு வெந்நீரை ஏறவிடாமல் தடுக்கிறது, ஓரத்தில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்துவிட்டால் வெளியேறிவிடும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். உள்ளே சரக்கில்லாதது உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு கீழேயிருந்து வருவதை மறிப்பது எனக்குப் பழக்கமான விஷயம்தான்.

அவர் என் தொழிற்சாலைச் சீருடையைப் பார்த்தார். அதெல்லாம் உரிமம் பெற்ற குழாய்க்காரர் செய்ய வேண்டியது, நீங்கள் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மீனா அதை எனக்குத் தமிழில் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்ப்பில் அவர் மரியாதையாகப் பேசியிருந்தார்.

4

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் செல்வி எழுந்துவிட்டாள். ஆனால் அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். நான் தலைமையாசிரியை சுலோசனா அம்மாவிடம் போனேன். பூட்டிய அலமாரியில் கண்ணாடிச் சாமான்களோடு சாமான்களாக ஒரே ஒரு வெப்பமானி இருந்தது. அதை எடுத்து வகுப்பில் தொங்கவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்து நாலு டிகிரி. ஆறு நாள் அளந்து, கட்டம் போட்டு எழுதி, தாளாளருக்கு மனு கொடுத்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கோடையில் வெயில் அடிப்பது இயற்கை, அதற்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பாகாது.

சரி, நிர்வாகத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு வாங்கி வைத்துக்கொள்ளும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம்தானே. பள்ளிக்கூட ஆயா முனியம்மாவின் புருஷன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். முனியம்மாவைக் கேட்டேன்.

"இன்னா டீச்சர், பொங்கல்கூட போயிடுச்சி. இப்பப் போயி கூரைக்கு வெள்ளையா? செவுத்துக்கு அடிப்பாங்க, கூரைக்கு எங்கனா அடிப்பாங்களா?"

"அடிச்சா புள்ளைங்க மயக்கம் போட்டு விழாது முனியம்மா."

"அப்ப அடிச்சிடலாம்" என்றாள். அவளுக்கு நாற்பத்து நாலும் வேண்டியிருக்கவில்லை, கட்டமும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுண்ணாம்பில் கஞ்சியும் உப்பும் போட்டுக் கலக்கினோம், ஒட்டிக்கொள்ள வேண்டுமே. முனியம்மாவின் புருஷன் ஏணி போட்டு ஏறினார். மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

"டீச்சர், இங்க இன்னாவோ எய்தி கீதே?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேண்டாம், அதை விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஜூனில் என் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் அப்பா அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"கறுப்புதான நல்லா சூடு இழுக்கும்? அதுமேலதான் மொதல்ல அடிங்க" என்றேன்.

திங்கட்கிழமை மதியம் முப்பத்தொன்பது. பிள்ளைகள் வெப்பமானியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் தாளாளரின் நண்பர் ஒருவர் மலைமேல் இருக்கிற சாமியாரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "ஊருக்குள்ள உங்க பேரையே காணோமே" என்றிருக்கிறார். கார் வந்து நின்றது. தனகோட்டி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. ஏணியில் நாலு படி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"எங்கம்மா என் பேரு?"

"அடியிலதான் இருக்குங்க. அழிக்கல. மேல பூசியிருக்குது, அவ்ளோதான்."

"அடியில இருந்தா எவனுக்குத் தெரியும்?"

"உள்ள குளுமையா இருக்குங்க ஐயா. அஞ்சு டிகிரி கம்மி ஆயிடுச்சு."

"டிகிரியா? நீ படிச்சிட்டு வந்த டிகிரிய உங்கிட்டயே வச்சிக்க. ஊருக்கு உபகாரம் பண்ணவன் பேர மூடி வச்சிட்டு டிகிரி பேசற."

மறுநாள் மெமோ வந்தது. பள்ளிச் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். சுலோசனா அம்மா தன் அறையில் மன்னிப்புக் கடிதத்தைத் தானே எழுதி வைத்திருந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுடு வசந்தா. பொண்ணு நீ. வேலைய காப்பாத்திக்க."

போட்டேன். மனப்பூர்வமாக வருந்துவதாக அதில் எழுதியிருந்தது. நான் வருந்தவில்லை. ஆனாலும் போட்டேன். தொலைவில் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கிண்டல் செய்கிற எனக்கு இதையும் எழுதிவைக்கிற கடமை இருக்கிறது.

பெயிண்டர் மறுபடி வந்தார். சுண்ணாம்பைச் சுரண்ட நேரமில்லை, அதன் மேலேயே எழுதினார். பளிச்சென்ற வெள்ளையில் கறுப்பு எழுத்து. தாளாளர் மலையில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "முன்னைக்கு இப்ப எடுப்பா கீது" என்று சந்தோஷப்பட்டாராம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பங்குனியில் அவரே ஆள் வைத்துக் கூரைக்கு வெள்ளையடித்தார், பெயர் எடுப்பாகத் தெரிய வேண்டுமே. என் ஆறு நாள் கணக்கால் ஆகாதது அவருடைய ஆசையால் ஆனது. 'த' என்ற எழுத்துக்கு நேர் கீழே இருக்கிற பெஞ்சு மட்டும் கொஞ்சம் அனலடிக்கும் என்றும், பேசுகிற பிள்ளைகளை அதில் உட்கார வைப்பதாகவும் சுலோசனா அம்மா எனக்கு எழுதினார்கள். வின்னிபெக் முகவரிக்கு எழுதினார்கள். ஏனென்றால் ஜூனில் என் வேலை நிரந்தரமாகவில்லை. ஆவணியில் கல்யாணம், தையில் வின்னிபெக்.

5

ஒன்பதாம் நாள் மாலை மீனா உட்கார்ந்தபடியே தூங்க முயன்றுகொண்டிருந்தாள், படுத்தால் மூச்சு இழுத்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் ஒரு கிண்ணமும் துணியும் எடுத்துக்கொண்டு, தையல் மிஷினின் திருப்புளியால் ரேடியேட்டர் ஓரத்துத் திருகை இடப்பக்கமாக அரைச் சுற்றுத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. நாலைந்து நிமிஷம் சீறிவிட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மூடினேன். கால்மணி நேரத்தில் இரும்பு உச்சிவரை சுட்டது. மீனா அதன் பக்கத்திலேயே சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.

கீழ்வீட்டு மனிதரிடம் இந்த நல்ல சேதியைச் சொன்னேன். அவர் மேனேஜரிடம் சொன்னார். நாலு நாளில் கடிதம் வந்தது. தகுதியற்ற நபர் ஒருவர் கட்டடத்தின் சாதனத்தில் கைவைத்ததாகவும், மறுபடி நடந்தால் வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்றும் எழுதியிருந்தது. மீனாதான் படித்துச் சொன்னாள். இந்த முறை மொழிபெயர்ப்பில் மரியாதை எதையும் சேர்க்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி லெட்டர் வந்துருக்காம்மா?"

கூரைக் கதையைச் சொன்னேன். இரண்டு மாடி ஏறி இறங்குவதற்குள் நாட்டைப் பற்றி நூறு கேள்வி கேட்டு, எதற்கும் பதில் காத்திராமல் ஓடுகிற பெண், அன்று கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். திருவண்ணாமலை அவளுக்கு ஒரு நாட்காட்டிப் படம். அதில் பள்ளிக்கூடம் இருப்பதே அவளுக்குப் புதுசு.

"வேலை போயிடுச்சா?"

"போச்சு."

"சாரி சொல்லிக் கையெழுத்துப் போட்டும் போயிடுச்சா?"

"ஆமா."

"அப்ப போட்டிருக்கவே வேணாமே."

இந்தக் கணக்கு எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். ஒருவரும் சத்தமாகச் சொன்னதில்லை.

அவள் எழுந்து போய் மேனேஜருக்கு ஃபோன் போட்டாள். நான் தடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள் என்றாள். என் அம்மா தகுதியற்ற நபர் இல்லை, அவர் பௌதிக ஆசிரியை என்றாள். நான் பேசும்போது இறந்தகாலம் நிகழ்காலம் குழம்பினால் அங்கேயே நிறுத்தித் திருத்துகிற பெண் அவள். 'இருந்தார்' என்று சொல்லவில்லை. நான் அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கடிதத்தைத் திருத்தி யாரும் அனுப்பவில்லை. ஆனால் போன சனிக்கிழமை மேனேஜர் எங்கள் கதவைத் தட்டினார். எதிர்வீட்டிலும் ரேடியேட்டர் ஜில்லென்று கிடக்கிறதாம், குழாய்க்காரர் வர இரண்டு வாரம் ஆகுமாம். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, அந்தத் திருகை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்டார். சொன்னால் புரியாது, நானே வருகிறேன் என்றேன்.

எதிர்வீட்டு அம்மாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். என் கையிலிருந்த கிண்ணத்தையும் திருப்புளியையும் பார்த்து, நீதான் குழாய்க்காரியா என்றாள்.

"இல்லை, பௌதிக டீச்சர்" என்றேன்.

அவள் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. குளிர் அப்படி.